கெல்லியா அகழாய்வு: பாலைவனத் துறவிகளின் வீடுகள் அவர்களுடைய வறுமைக்குப் பொருந்துகின்றனவா?

செங்கல்மேடு எழுதியது:

எகிப்தின் பாலைவனத் துறவிகளை நம்மில் பலர் அறிந்திருப்பது அவர்களுடைய வாய்மொழிகளைத் தொகுத்த ஏடுகளின் வழியாகத்தான். வனத்து அந்தோணியாரும் மக்காரியுஸும் மோசேயும் பேசும் அந்த ஏடுகளில், ஒரு துறவியின் உடைமை என்று வருவது ஒரு பாய், ஓர் ஆட்டுத்தோல், ஒரு தண்ணீர்க்குடம், சில காய்ந்த ரொட்டிகள் என்ற அளவோடு நின்றுவிடும். அத்தகையோர் கூடி வாழ்ந்த குடியிருப்புகளுள் மிகப் பெரியவற்றில் ஒன்றான கெல்லியாவைத் தோண்டியபோது கிடைத்ததோ, முற்றமும் கிணறும் தோட்டமும் சமையலறையும் கழிப்பறையும் வண்ணம் தீட்டிய செப அறையும் கொண்ட வீடுகள். ஏடு ஒன்றும் மண் வேறொன்றும் சொல்லும்போது எதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதைப் பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இடத்தை அறியாதவர்களுக்காகச் சில செய்திகள். கெல்லியா, நைல் கழிமுகத்தின் மேற்கு விளிம்பில், அலெக்சாந்திரியாவுக்குத் தென்கிழக்கே இருக்கிறது. அதற்கு வடக்கே நித்ரியா என்ற துறவியர் குடியிருப்பு முன்பே இருந்தது. அங்கே கூட்டம் பெருகியபோது, அதன் தலைவரான ஆமூன், அந்தோணியாரிடம் யோசனை கேட்டார் என்றும், இருவரும் ஒன்பதாம் மணி வேளையில், அதாவது பிற்பகல் மூன்று மணியளவில், உணவை முடித்துக்கொண்டு சூரியன் மறையும்வரை நடந்து, நின்ற இடத்தில் சிலுவை ஒன்றை நட்டார்கள் என்றும் ஏடு கூறுகிறது. இடைத்தொலைவாக அது தருவது 12 மைல். உரோமானிய மைல் கணக்கில் ஏறத்தாழ 18 கிலோமீட்டர். மரபுக் கணக்கின்படி இது 338ஆம் ஆண்டு. துறவறத்தின் உளவியலை எழுதிவைத்த எவாக்ரியுஸ், 399இல் இறக்கும்வரை வாழ்ந்ததும் இங்கேதான்.

எவாக்ரியுஸின் நூல்களில் ஆழ்ந்திருந்த பிரெஞ்சு அறிஞர் அந்துவான் கியோமோன், 1964இல் இந்த இடத்தை அடையாளம் கண்டார். அடுத்த ஆண்டே கெய்ரோவிலுள்ள பிரெஞ்சுத் தொல்லியல் நிறுவனமும், ரொதோல்ஃப் கஸ்ஸேர் தலைமையில் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் பணியில் இறங்கின. (இதே கஸ்ஸேர்தான் பிற்காலத்தில் யூதாஸ் நற்செய்தியைப் பதிப்பித்துச் செய்தித்தாள்களில் அடிபட்டவர்.) பரந்து கிடந்த அந்தச் சமவெளியில் கணக்கிடப்பட்ட, இடிந்த குடில்களின் மேடுகள் 1,500க்கும் மேல். குசூர் அல்-ரூபய்யாத், குசூர் ஈஸா, குசூர் அல்-இஸைலா என்று பகுதிகளுக்குப் பெயர். ஒவ்வொரு மேட்டுக்கும் எண்.

வழக்கமான ஒரு குடிலுக்குள் நுழைந்து பார்ப்போம். சுற்றிலும் சுடாத செங்கல்லால் ஆன செவ்வக மதில். அதன் வடமேற்கு மூலையில் வீடு. வீட்டின் முதன்மையான அறை செபத்துக்கு உரியது. அதன் கிழக்குச் சுவரில் ஒரு மாடம், மாடத்தினுள் சிலுவை ஓவியம். அதையொட்டிப் பெரியவரின் படுக்கையறையும் சேமிப்பறையும். சீடருக்குத் தனி அறை. அடுப்புகள் வைத்த சமையலறை. மீதமுள்ள இடம் முற்றமும் தோட்டமும். நீருக்குக் கிணறு, மதிலோரத்தில் கழிப்பறை. சுவர்களில் விளக்கு வைக்கவும் பொருள் வைக்கவும் மாடக்குழிகள். இதில் வாழ்ந்தவர் ஒரு முதியவரும் ஓரிரு சீடர்களும் மட்டுமே. சிற்றூர்க் குடும்பம் ஒன்றுக்கும் இவ்வளவு இடம் இருந்திருக்குமா என்பது ஐயமே. இதை வறுமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பழையவரி எழுதியது:

நண்பர் செங்கல்மேடு குடிலை நன்றாகச் சுற்றிக்காட்டினார். ஆனால் ஏடும் மண்ணும் முரண்படுகின்றன என்ற அவருடைய தொடக்கத்தை ஏற்க இயலவில்லை. முரண்பாடு ஏட்டில் இல்லை. ஏட்டிலிருந்து நாம் விரும்பி எடுத்துவைத்துக்கொண்ட வரிகளில்தான் இருக்கிறது.

394, 395 காலத்தில் எகிப்தைச் சுற்றிவந்த பாலஸ்தீனத் துறவிகள் சிலரின் பயணக் குறிப்பு கிரேக்கத்தில் கிடைக்கிறது. அதில் நித்ரியாவின் அம்மோனியுஸைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. அவர் முற்றமும் கிணறும் தேவையான பிறவும் அமைந்த நல்ல குடிலைக் கட்டி வைத்திருந்தார்; துறவு நாடி ஒருவர் வந்தால், அந்தக் குடிலை உள்ளிருந்த பொருள்களோடு அவரிடம் கொடுத்துவிட்டுத் தமக்கென்று சிறியதொன்றைத் தேடிக்கொள்வார். பலர் ஒன்றாக வந்துவிட்டால் எல்லாச் சகோதரர்களையும் கூட்டி, ஒருவர் செங்கல் கொடுக்க இன்னொருவர் நீர் சுமக்க, ஒரே நாளில் குடில்களை எழுப்பிவிடுவார். புதியவர்களைத் தேவாலயத்தில் விருந்துக்கு அழைத்து அமர்த்திவிட்டு, அவர்கள் உண்டுகொண்டிருக்கும் நேரத்தில் மற்றவர்கள் தத்தம் குடிலிலிருந்து ரொட்டியும் பிற பொருள்களும் கொண்டுபோய் அந்த வீடுகளை நிரப்புவார்களாம். யார் எதைக் கொடுத்தார் என்பது பெறுபவருக்குத் தெரியாது.

முற்றம், கிணறு, தேவையான பிற: நான்காம் நூற்றாண்டு ஏடே சொல்லிவிட்டது. ஆகவே கிணறும் முற்றமும் பிற்காலச் சொகுசு என்று வாதிடுவது கடினம். வறுமை என்பதை அவர்கள் அறைகளின் எண்ணிக்கையில் அளக்கவில்லை; கேட்டவுடன் விட்டுக்கொடுக்க முடிகிறதா என்பதில் அளந்தார்கள் என்றே நான் படிக்கிறேன்.

ஓடுபொறுக்கி எழுதியது:

பழையவரி ஐயா சொல்லும் அம்மோனியுஸின் குடிலும், செங்கல்மேடு நடத்திக்காட்டிய குடிலும் ஒன்றல்ல. நடுவே இரண்டு மூன்று நூற்றாண்டுகள் கிடக்கின்றன. இந்த விவாதத்தின் சிக்கலே இதுதான் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கெல்லியாவில் மக்கள் நான்காம் நூற்றாண்டிலிருந்து எட்டாம் நூற்றாண்டு வரையிலும், சில இடங்களில் அதற்குப் பிறகும் வாழ்ந்திருக்கிறார்கள். இன்று வரைபடங்களில் நாம் கண்டு வியக்கும் அழகிய குடில்களில் பெரும்பாலானவை ஆறாம், ஏழாம் நூற்றாண்டுகளின் நிலையைக் காட்டுபவை. மிகத் தொடக்கத்தின் தடயங்கள் அரிதாகவே கிடைத்துள்ளன. கிடைத்தவையும் பாதி நிலத்துக்குள் தோண்டி அமைத்த சிறிய அறைகள். பின்னால் வந்தவர்கள் அதன் மேலேயும் பக்கத்திலேயும் சேர்த்துச் சேர்த்துக் கட்டினார்கள். ஓர் அறை இரண்டாகிறது, மதில் வெளியே தள்ளிப் போகிறது, பக்கத்தில் இன்னொரு வீடு ஒட்டிக்கொள்கிறது. கடைசியில் குடியிருந்தவர் விட்டுச்சென்ற வடிவத்தைப் பார்த்துவிட்டு எவாக்ரியுஸ் இப்படித்தான் வாழ்ந்தார் என்று சொல்லிவிட முடியாது.

இந்தக் காலவரிசையை நிறுவ உதவியது பெரும்பாலும் பானை ஓடுகள்தாம். மிஷேல் எக்லோஃப் 1977இல் வெளியிட்ட கெல்லியாப் பானை வகைப்பாடு, எகிப்தின் மற்ற இடங்களில் அக்காலத்து மண்ணடுக்குகளுக்குக் காலம் குறிக்கவும் பல ஆண்டுகள் கைகொடுத்தது. நாணயங்கள் இருந்தாலும், பழைய செப்புக்காசு பல தலைமுறைகள் கைமாறிக்கொண்டே இருக்கும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. தரைக்கு அடியில் அடைபட்ட ஓடுகளும், செங்கல்லின் மண்ணிலேயே கலந்துவிட்ட ஓடுகளும் வேறு வகைச் சான்று: அந்தச் சுவர் அந்த ஓட்டுக்குப் பிந்தியது என்பதையாவது அவை ஐயமின்றிக் காட்டும்.

அந்த ஓடுகளின் ஊர்களைப் பார்த்தால் செங்கல்மேட்டின் ஐயத்துக்கு வலுக் கூடுகிறது என்பதையும் மறைக்க வேண்டாம். உள்ளூர்ப் பானைகளோடு சிலிசியா (இன்றைய தெற்குத் துருக்கி), சைப்ரஸ் பக்கத்து ஆம்போராக்கள் (மது, எண்ணெய் போன்றவை ஏற்றிவந்த இருபிடி மண்ஜாடிகள்), காசாவின் ஆம்போராக்கள், வட ஆப்பிரிக்காவிலும் சைப்ரஸிலும் செய்த செந்நிற மெருகுத் தட்டுகள் எல்லாம் கிடைக்கின்றன. அலெக்சாந்திரியாத் துறைமுகம் அருகில் இருப்பதால் இதில் வியப்பில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை. அரிக்கமேட்டு ஆம்போராக்களைப் பற்றிப் படித்தவர்கள், ஆம்போரா கிடைத்தால் உடனே அங்கே மது குடித்தார்கள் என்று எழுதிவிடும் பழக்கம் உள்ளவர்கள். மது வந்த ஜாடி அடுத்த இருபது ஆண்டுகளுக்குத் தண்ணீர் ஜாடியாகவும், உடைந்த பிறகு வடிகால் குழாயாகவும் பயன்பட்டிருக்கலாம். கெல்லியாவில் ஆம்போராத் துண்டுகளைக் கட்டட வேலைக்கே எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

வினாக்குறி எழுதியது:

அறியாதவனின் கேள்வியாக எடுத்துக்கொள்ளுங்கள். பாய் முடைந்து விற்றுப் பிழைத்தவர்கள் இத்தனை வீடுகளைக் கட்டப் பணத்துக்கு எங்கே போனார்கள்? யாரோ பெரிய புரவலர் ஒருவர் பின்னால் இருந்தாரா?

சுதைமண் எழுதியது:

கட்டடத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் வினாக்குறிக்கு விடை சொல்ல முயல்கிறேன். ஏடுகள் பற்றி எனக்குப் பேச உரிமையில்லை.

முதலில், இந்த வீடுகளின் பரப்பைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம். சுடாத செங்கல்லுக்கு ஆகும் செலவு பெரும்பாலும் உழைப்புதான். மண் அந்த இடத்திலேயே கிடைக்கிறது. கிணறு தோண்டினால் நீரும் கிடைக்கிறது. சுட விறகு வேண்டாம், வெயில் போதும். மேற்கூரைக்கு அவர்கள் மரத்தைத் தேடிப் போகவில்லை. அறைகளின் மேல் செங்கல்லாலேயே வளைகூரையும் குவிமாடமும் எழுப்பினார்கள். இன்றைய கண்ணுக்குக் குவிமாடம் என்றால் ஆடம்பரம். நல்ல மரம் கிடைக்காத எகிப்தில் அது ஏழையின் கூரை. வளைகூரையின் தள்ளுவிசையைத் தாங்கச் சுவரைத் தடிமனாக வைக்க வேண்டும். தடித்த சுவர் இருந்தால் மாடக்குழி எடுப்பது எளிது. பகலின் வெப்பம் உள்ளே வரவும் நேரமாகும். ஒன்றை முடிவு செய்தால் மற்றவை தாமாகவே வந்து சேரும் கட்டுமான முறை இது.

பணம் செலவாகியிருக்கக்கூடிய இடங்கள் வேறு: சுண்ணாம்புப் பூச்சு, நிறமிகள், சன்னல் கண்ணாடி, கதவுக்கான மரம். சுண்ணாம்பு சுட விறகு தேவை, அதைக் கொண்டுவர வண்டியோ விலங்கோ தேவை. ஒரு வீட்டின் வசதியை மதிப்பிட வேண்டுமானால் அறைகளை எண்ணாமல் பூச்சைப் பாருங்கள்; எத்தனை முறை மேலே மேலே பூசியிருக்கிறார்கள், எந்த அறையில் பூசாமல் விட்டிருக்கிறார்கள் என்பதில்தான் உண்மையான கணக்கு இருக்கும்.

ஒரே நாளில் குடில் கட்டினார்கள் என்ற செய்தியை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். செங்கல் முன்பே அறுத்துக் காயவைத்திருந்தால், இருபது முப்பது பேர் சேர்ந்து ஓரிரு சிறிய அறைகளின் சுவரை ஒரு நாளில் எழுப்பலாம். கிணறும் மதிலும் வளைகூரையும் சேர்த்து என்றால் நடக்காது. பழையவரி ஐயா காட்டிய பகுதியில் வருவது சிறிய அறைகள் என்றால், அது ஓடுபொறுக்கி சொல்லும் தொடக்ககால நிலையோடு பொருந்துகிறது.

செங்கல்மேடு எழுதியது:

சுதைமண் அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. அறைகளின் எண்ணிக்கையை வைத்து நான் எழுதியதைப் பூச்சுக்கும் ஓவியத்துக்கும் மாற்றிக்கொள்கிறேன். என் கேள்வி அங்கேயும் உயிரோடுதான் இருக்கிறது.

செப அறைச் சுவரின் கீழ்ப்பகுதியில் செந்நிறப் பட்டை; அதற்கு மேல் வெள்ளைப் பூச்சு; மாடத்தைச் சுற்றித் தூண்களும் வளைவும் வரைந்திருக்கும். சிலுவைகள் வெறும் இரு கோடுகள் அல்ல. மணிகள் பதித்ததுபோல் தீட்டி, கரங்களிலிருந்து மாலைகள் தொங்குமாறு வரைந்தவை. பறவைகள், விலங்குகள், செடிகொடிகள், பாலைவனத்தில் பாய்மரக் கப்பல்கள் கூட இருக்கின்றன. தூணும் வளைவும் கல்லில் இருப்பதுபோல் சுவரில் வரைந்துகொள்ளும் ஆசை, பெரிய தேவாலயங்களைக் கண்ட கண்ணின் ஆசை. தம் பார்வையில் பட்ட அழகை எல்லாம் துறக்க வந்தவர் அதை மறுபடியும் சுவரில் கொண்டுவந்தது ஏன்?

ஆனால் அதே சுவர்களில் வேறொன்றும் எழுதப்பட்டிருக்கிறது. 1965ஆம் ஆண்டுப் பணியில் கிடைத்து, கியோமோன் பதிப்பித்த, எகிப்தியக் கிறிஸ்தவர்களின் மொழியான கொப்டிக்கில் அமைந்த கல்வெட்டு ஒன்று. கல்வெட்டு என்பதைவிடச் சுவரெழுத்து என்பது பொருந்தும். ஓயாமல் இயேசுவின் பெயரைச் சொல்லிச் செபிக்கும் துறவியிடம் தீய ஆவிகள் ஒரு வாதத்தை விதைக்கின்றன: எப்போதும் இயேசுவையே அழைத்துக்கொண்டிருந்தால் தந்தையையும் தூய ஆவியையும் நீ விட்டுவிடுகிறாய் அல்லவா என்று. இயேசுவை அழைக்கும்போதே தந்தையையும் ஆவியையும் சேர்த்தே அழைக்கிறோம் என்று அதற்கு மறுமொழியும் எழுதப்பட்டிருக்கிறது. இயேசு செபம் என்று பின்னாளில் கிழக்குத் திருச்சபைகளில் பரவிய வழக்கத்தின் வரலாற்றில் இந்தச் சுவருக்கு ஓர் இடம் உண்டு. இப்படி நுணுகி வாதாடிய ஒருவர் அந்த அறையில் அமர்ந்திருந்திருக்கிறார். ஆகவே வண்ணச்சுவரைக் கண்டதும் துறவு தளர்ந்துவிட்டது என்று தீர்ப்பு எழுதவும் எனக்கு மனமில்லை.

பழையவரி எழுதியது:

தளர்ந்துவிட்டது என்று தீர்ப்பு எழுத நண்பருக்கு மனமில்லாமல் இருக்கலாம்; கெல்லியாவிலேயே வாழ்ந்த ஒருவர் எழுதத் தயங்கவில்லை. கெல்லியாவின் குருவான ஈசாக்கு, சகோதரர்களைப் பார்த்துச் சொன்னது வாய்மொழித் தொகுப்பில் இருக்கிறது. நம் தந்தையரும் மூத்த துறவி பம்போவும் ஒட்டுப்போட்ட பழைய துணியை உடுத்தார்கள், நீங்களோ விலையுயர்ந்த ஆடை அணிகிறீர்கள், இங்கிருந்து போய்விடுங்கள், இந்த இடத்தைப் பாழாக்கிவிட்டீர்கள் என்கிறார். ஸ்கெதிஸின் மக்காரியுஸ் கூறியதாக வரும் எச்சரிக்கை இதைவிடக் கட்டடங்களுக்கு நெருக்கமானது: சதுப்பின் அருகே குடில் எழும்புவதைக் கண்டால் ஸ்கெதிஸின் அழிவு நெருங்கிவிட்டது, மரங்களைக் கண்டால் அது வாசலுக்கே வந்துவிட்டது, சிறுவர்களைக் கண்டால் உங்கள் ஆட்டுத்தோலை எடுத்துக்கொண்டு ஓடிவிடுங்கள். ஸ்கெதிஸ் வேறு இடம்தான், இன்றைய வாதி நத்ரூன். ஆனாலும் மரமும் தோட்டமும் அந்தத் தலைமுறைக்கே உறுத்தலாக இருந்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இப்போது என் முதல் பதிவை நானே மறுக்கிறேனா என்று கேட்பீர்கள். இல்லை. பயணக் குறிப்பில் கிணறும் முற்றமும் இயல்பாக ஏற்கப்படுகின்றன. வாய்மொழித் தொகுப்பில் மரங்கள் அழிவின் அடையாளமாகின்றன. அவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இருந்ததில்லை. அகழாய்வாளர் மண்ணிலிருந்து ஒரே விடை கொண்டுவர வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதுதான் தவறு.

வினாக்குறிக்கு என் பங்கிற்கு ஒன்று. குடில்கள் தனிமனிதரின் சொத்தாகவும் இருந்தன. ஃபய்யூம் பகுதியில் லப்லா என்ற இடத்தில், 511 முதல் 513 வரையான காலத்தைச் சேர்ந்த நாணல் தாளான பாப்பிரஸில் எழுதிய கிரேக்கப் பத்திரங்கள் கிடைத்திருக்கின்றன. யூலோகியுஸ் என்ற துறவி தம் துறவுக்குடிலை முறைப்படி விற்கிறார். வாங்குபவரும் துறவறத்தைச் சேர்ந்தவர்தான். விற்பனைப் பத்திரம் எழுதக்கூடிய அளவுக்குக் குடிலுக்கு மதிப்பும் சந்தையும் இருந்தன என்றால், ஒரு புரவலரைத் தேட வேண்டிய தேவையே இல்லை. வசதியான குடும்பத்திலிருந்து வந்தவர் வசதியாகக் கட்டியிருப்பார், அவருக்குப் பின் அது சீடருக்குப் போயிருக்கும், அவர் ஓர் அறையைச் சேர்த்திருப்பார்.

நடுப்பகல் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். 2021 மார்ச்சில் எகிப்தின் பஹாரியா பாலைவனச் சோலையில் நான்காம் நூற்றாண்டுத் துறவியர் குடியிருப்பு கண்டுபிடிக்கப்பட்டதாக அந்நாட்டுத் தொல்பொருள் அமைச்சகம் அறிவித்தது. உலகின் மிகப் பழைய கிறிஸ்தவ மடம் என்றே பல ஊடகங்கள் தலைப்பிட்டன. கெல்லியாவில் தொடக்ககாலம் அரிது என்று ஓடுபொறுக்கி எழுதியதால் கேட்கிறேன்: அந்த இடைவெளியைப் பஹாரியா நிரப்புகிறதா?

ஓடுபொறுக்கி எழுதியது:

ஓரளவு நிரப்புகிறது; தலைப்புகள் சொன்ன அளவுக்கு அல்ல.

அந்த இடத்தின் பெயர் தல் கனூப் கஸ்ர் அல்-அகூஸ். விக்டர் கிகா தலைமையிலான நார்வே, பிரெஞ்சு கூட்டுக் குழு அங்கே தோண்டுகிறது. பாறையில் குடைந்த தேவாலயம், அதைச் சுற்றித் துறவிகளின் அறைகள், சுவர்களில் கிரேக்கத்தில் எழுதிய விவிலியப் பகுதிகள் ஆகியவை வெளிப்பட்டன. அறிவிப்பின்படி கரிமக் காலக்கணிப்பு தேவாலயத்தை நான்காம் நூற்றாண்டின் நடுவில் வைக்கிறது. கெல்லியாவில் ஓடுகளையும் பிற்காலச் சுவரெழுத்துகளின் ஆண்டுக் குறிப்புகளையும் நம்ப வேண்டியிருக்க, இங்கே கரிமக் கணிப்பு கிடைத்தது பெரிய ஆதாயம். ஆனால் கரிமக் கணிப்பு மரம் வளர்ந்த காலத்தைச் சொல்லுமே தவிர, அதைக் கட்டடத்தில் வைத்த காலத்தைச் சொல்லாது. பாலைவனத்தில் யாரும் நல்ல மரத்துண்டைத் தூக்கி எறிவதில்லை. பழைய உத்தரம் புதிய வாசலுக்கு வந்துவிடும். வைக்கோல், விதை போன்ற ஓராண்டுப் பயிர்களின் எச்சம் கிடைத்தால்தான் நெருக்கமான விடை வரும். தவிர, நமக்கு எழுத்தில் தெரிந்த தொடக்ககாலக் குடியிருப்புகளுள் நித்ரியாவும் கெல்லியாவும் அதே தலைமுறையைச் சேர்ந்தவை; மிகப் பழையது என்பது மிகப் பழைய காலக்கணிப்பு கிடைத்த இடம் என்ற பொருளில்தான் நிற்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சேர்த்துவிடுகிறேன். கெல்லியாவின் துறவிகள் என்ன உடுத்தார்கள், என்ன முடைந்தார்கள், யாருக்கு என்ன எழுதினார்கள் என்பதற்கு அந்த மண்ணிலிருந்து விடை வராது. கழிமுகத்தின் விளிம்பாதலால் நிலத்தடி நீரும் உப்பும் பாயையும் துணியையும் பாப்பிரஸையும் தின்றுவிட்டன. அதைத் தேடுபவர்கள் மேல் எகிப்து எனப்படும் தெற்குப் பகுதிக்குப் போக வேண்டும். தீப்ஸின் மேற்குக் குன்றில், மந்திரி தாகாவின் பண்டைக் கல்லறையைச் சுற்றி அமைந்த எபிபானியுஸின் மடத்தை, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்காக ஹெர்பர்ட் வின்லாக் 1912லும் 1914லும் தோண்டினார். அங்கே தரையில் தறிக்குழிகள் அப்படியே இருந்தன. கயிறும் கூடையும் துணியும் கிடைத்தன. பானை ஓட்டிலும் சுண்ணக்கல் சில்லிலும் எழுதிய கொப்டிக் கடிதங்கள் நூற்றுக்கணக்கில் வந்தன. பாப்பிரஸ் கிடைக்காததால் ஓட்டில் எழுதுகிறேன், மன்னியுங்கள் என்று கடிதம் எழுதுபவர் கேட்டுக்கொள்ளும் வழக்கம் அந்த வட்டாரக் கடிதங்களில் அடிக்கடி வரும். வறுமையைப் பற்றி இந்த இழையில் இதுவரை பேசியதில் எனக்கு மிகவும் நம்பகமான சான்று இதுதான்: மரியாதைக் குறைவு என்று தெரிந்தே ஓட்டில் எழுத வேண்டியிருந்த நிலைமை.

சுதைமண் எழுதியது:

தறிக்குழி என்றவுடன், துறவிகள் தம் இடத்திலேயே எதையெல்லாம் செய்துகொண்டார்கள் என்று ஒரு கேள்வி. கெல்லியாவில் ஒவ்வொரு குடிலுக்கும் தனி அடுப்பு இருந்ததாகச் செங்கல்மேடு எழுதினார். ரொட்டி வெளியிலிருந்து வந்ததாகவே நான் நினைத்திருந்தேன்.

பழையவரி எழுதியது:

தங்கள் நினைவு சரியானதே. ஒன்பது ஆண்டுகள் கெல்லியாவில் வாழ்ந்து, துறவிகளைப் பற்றி நூல் எழுதிய பல்லாதியுஸ், நித்ரியாவில் ஏழு ரொட்டிச்சாலைகள் இருந்தன என்றும், அவை அங்குள்ளவர்களுக்கும் அப்பால் பாலைவனத்தில் வாழ்ந்த 600 தனித்துறவிகளுக்கும் ரொட்டி கொடுத்தன என்றும் எழுதியிருக்கிறார். அது நான்காம் நூற்றாண்டின் இறுதி. தோண்டிய குடில்களின் அடுப்புகள் பிற்காலத்தவை. ஏட்டுக்கும் மண்ணுக்கும் இடையே உண்மையான வேறுபாடு என்று நான் ஒப்புக்கொள்வது இதையும் இன்னொன்றையும்தான். குடில்கள் ஒன்றையொன்று பார்க்கவும் கேட்கவும் முடியாத தொலைவில் இருந்தன என்றும், சனி ஞாயிறுகளில் தேவாலயத்தில் கூடும்போதுதான் யார் வரவில்லை, யாருக்கு உடல்நலமில்லை என்று தெரியவரும் என்றும் பயணக் குறிப்பு சொல்கிறது. கஸ்ஸேரின் வரைபடத்தில் பல குடில்கள் மதிலோடு மதில் நெருங்கிக் கிடக்கின்றன.

ஓடுபொறுக்கியின் கால இடைவெளி வாதத்துக்கு நான் தலைவணங்குவது இந்த இடத்தில். கட்டடத்தின் அளவு மாறியதைவிட, தனிமை என்பதன் அளவு மாறியதுதான் பெரிய மாற்றம். முன்பு மணலும் தொலைவும் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தன. பிறகு அந்த வேலையை மதில் செய்தது. உயர்ந்த மதிலும் உள்ளேயே கிணறும் அடுப்பும் கழிப்பறையும் ஏன் வேண்டியிருந்தன என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் இதுவே. அண்டை வீட்டார் பத்தடியில் இருக்கும்போது, வெளியே போகாமல் இருக்க வேண்டுமானால் எல்லாமே உள்ளே இருக்க வேண்டும்.

வினாக்குறி எழுதியது:

இவ்வளவு பெரிய குடியிருப்பு ஏன் கைவிடப்பட்டது? இன்று போனால் என்ன பார்க்கலாம்?

செங்கல்மேடு எழுதியது:

ஒரு காரணத்தில் அடக்க முடியாது. 400இல் அலெக்சாந்திரியாவின் ஆயர் தெயோபிலுஸ், மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் ஓரிகனின் கருத்துகளைப் பின்பற்றியவர்கள் என்று பலரைத் துரத்தினார். அதன் பிறகும் கெல்லியா வளர்ந்தது. கிறிஸ்துவின் இயல்பைப் பற்றி முடிவெடுத்த 451ஆம் ஆண்டுக் கால்செதோன் திருச்சபைச் சங்கத்துக்குப் பின் பிளவு வந்து, இரு தரப்புக்கும் தனித்தனித் தேவாலயம் அங்கே இருந்ததாக வாய்மொழித் தொகுப்பே சொல்கிறது. அதையும் தாண்டி நின்றது. அரபு அரச மரபினரான உமையாக்களின் ஆட்சியில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி, துறவிகளைக் கணக்கெடுத்து ஆளுக்கு ஒரு தினார் வரி விதித்தார்கள். அதுவரை தலைவரியிலிருந்து விலக்குப் பெற்றவர்களுக்கு அது பெரிய சுமை. பாலைவனக் கொள்ளையரின் தாக்குதல்களும் இருந்தன. சுவர்களில் இறந்த துறவிகளின் பெயரும் நாளும் எழுதும் வழக்கம் இருந்ததால் இந்தத் தேய்வைச் சுவர்களிலேயே ஓரளவு பின்தொடர முடிகிறது: எட்டாம் நூற்றாண்டு செல்லச் செல்ல ஆண்டுக் குறிப்புகள் அருகுகின்றன.

பார்ப்பதற்கு இன்று மிகக் குறைவு. பாலைவனத்தை வேளாண் நிலமாக்கும் திட்டம் அகழாய்வு தொடங்கிய காலத்திலேயே நெருங்கி வந்துவிட்டது. கால்வாய்கள் வெட்டப்பட்டன, இருப்புப்பாதை ஒன்று இடத்தின் ஊடாகவே போடப்பட்டது, வயல்கள் மேடுகளைச் சமன்படுத்தின. பாசன நீரால் நிலத்தடி நீர் உயர்ந்து, உப்பு ஏறிய சுடாத செங்கல் கரைந்தது. பிரெஞ்சுக் குழுவும் சுவிஸ் குழுவும் செய்தவற்றில் பெரும்பகுதி அவசரப் பணி: எந்த மேடு அடுத்த பருவத்தில் இருக்காதோ அதை முதலில் தோண்டு, வரைபடம் எடு, சுவரெழுத்தைப் படியெடு, பெயர்க்க முடிந்த ஓவியத்தைப் பெயர்த்து எடு. சில ஓவியங்களைக் கெய்ரோவின் கொப்டிக் அருங்காட்சியகத்தில் காணலாம்.

ஓடுபொறுக்கி எழுதியது:

அந்த அவசரத்தைப் பற்றிச் செங்கல்மேடு எழுதியதிலிருந்து இந்த இழையின் தலைப்புக்கே ஒரு தடை எழுகிறது. 1,500க்கும் மேற்பட்ட மேடுகளில் முழுமையாகத் தோண்டப்பட்டவை சிறு பகுதிதான். நூல்களில் திரும்பத் திரும்ப அச்சாவது ஓவியமும் சுவரெழுத்தும் நிறைந்த பெரிய குடில்கள். வண்ணமே இல்லாத இரண்டறைக் குடில் யாருடைய நூலின் அட்டையிலும் வராது. கெல்லியாவின் துறவிகள் வசதியாக வாழ்ந்தார்களா என்ற கேள்விக்கு நேர்மையாக விடை தேட வேண்டுமானால், தோண்டாத மேடுகளையும் சேர்த்து மேற்பரப்பில் தெரிந்த சுவர்க்கோடுகளிலிருந்து சுவிஸ் குழு வரைந்த வரைபடத் தொகுப்பை எடுத்து, மதில்களின் அளவைப் பகுதிவாரியாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மேடுகள் போய்விட்டாலும் அந்த வேலைக்கு வரைபடங்கள் போதும்.

செங்கல்மேடு எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். அப்படி அளக்கும்போது சுதைமண் அவர்கள் சொன்ன பூச்சுக் கணக்கு கிடைக்காது, மதிலின் நீள அகலம் மட்டுமே கிடைக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ரூபய்யாத் பகுதியின் 195ஆம் எண் குடிலுக்குப் பிரெஞ்சு நிறுவனம் தனி நூலே வெளியிட்டிருக்கிறது. பூச்சு, தரை, சேர்த்துக் கட்டிய சுவர்கள் ஆகியவற்றைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டும் அத்தகைய ஆவணம் எல்லாக் குடில்களுக்கும் கிடையாது. வரைபடத் தொகுப்பை எந்த நூலகத்திலாவது பார்க்கக் கூடியவர்கள் இருந்தால் இஸைலாப் பகுதியிலிருந்து தொடங்கலாம். அங்கே பெரிய குடில்களும் சிறியவையும் அருகருகே இருப்பதால் ஒப்பிடுவது எளிது.